மாகுல் தீர்ப்பு: தாராவி மக்கள் கையில் எடுக்க வேண்டிய ஆயுதம்

(மும்பை காட்கோபர் கிழக்கில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்திற்குக் காமராஜர் நகர்க் குடும்பங்கள் பல வந்திருக்கின்றன. மறுசீரமைப்புக்காக வீட்டைக் காலி செய்து, வாடகைப் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு பேட்டைகளில் தங்கியிருப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களைப் பார்க்கும்போது இந்த மாநகரில் இருந்த இன்னொரு காமராஜர் நகர் நினைவுக்கு வருகிறது. அது மேற்கு விரைவுச் சாலையின் ஓரத்தில் இருந்தது. 1960-ஆம் ஆண்டு வாக்கில், அந்தச் சாலையோரம் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் எழுப்பிய குடியிருப்பு அது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடிசைகள். மாநகராட்சி ஊழியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஓட்டல் தொழிலாளர்களும் அங்கே வாழ்ந்தார்கள். இந்த விவரங்கள் எல்லாம் உச்ச நீதிமன்றத்தின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பில் உள்ளன.

அதே தீர்ப்பின் பக்கங்களில் சேலத்துக்காரர் ஒருவரும் இருக்கிறார். நிலமற்ற விவசாயத் தொழிலாளி. வறட்சியால் வேலையிழந்து 1961-இல் மும்பைக்கு வந்தவர். தஹிசரில் ஓர் இரசாயனக் கம்பெனியில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்டு போட்ட ஒரு கூரைக்காக அந்தப் பகுதி தாதாவுக்கு 2,500 ரூபாய் கொடுத்தவர். 1981 ஜூலையில், மழை கொட்டும் மாதத்தில், அந்தக் கூரையைப் பிரித்தெறிந்து அவரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பியது அன்றைய அந்துலே அரசு. சில நாட்களில் அவர் திரும்பி வந்தார். ஊரில் வேலை இல்லை என்பதால்தானே முதலில் வந்தார்? 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அது சொன்னது. அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்ததும் நடைபாதையைக் காலி செய்யலாம் என்றும் சொன்னது. உரிமை காகிதத்தில் இருந்தது. கூரையோ தெருவில் கிடந்தது.

அந்தக் காகிதத்தை என்ன செய்வது என்பதுதான் இன்று உங்களிடம் நான் பேச வந்திருக்கும் செய்தி. ஏனென்றால், அதே இருபத்தொன்றாம் சரத்தின் கீழ் மும்பை உயர்நீதிமன்றம் 2019-இல் இன்னொரு காகிதத்தைக் கொடுத்திருக்கிறது. காட்கோபருக்கும் வித்யாவிஹாருக்கும் அதில் நேரடித் தொடர்பு உண்டு. நாளை தாராவிக்கும் உண்டு. நம்மில் பலர் அதை மாகுல்காரர்களின் வழக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

தான்சா குழாய் உங்களுக்குத் தெரியும். 1892 முதல் இந்த நகரத்திற்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம். இந்தக் குழாயின் இரு மருங்கிலும் பத்துப் பத்து மீட்டரைக் காலி செய்யுமாறு உத்தரவிட்டதும் இதே உயர்நீதிமன்றம்தான். குடிநீருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் காலியான இடத்தில் மாநகராட்சி திட்டமிட்டது என்ன? முப்பத்தொன்பது கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் ஓட்டவும் நடைப்பயிற்சி செய்யவும் ஒரு பாதை. அதற்குப் பசுமையான பெயர் ஒன்றும் சூட்டினார்கள். சைக்கிள் பாதை நல்லதுதான். நானும் சைக்கிளில் வேலைக்குப் போனவன்தான். ஆனால் ஒருவன் காலையில் காற்று வாங்குவதற்காக இன்னொருவன் காற்றே இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்றால், அந்தப் பசுமை யாருடைய பசுமை?

காற்றே இல்லாத இடம் என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. குழாயோரத்துக் குடும்பங்களை மாநகராட்சி அனுப்பிய இடம் செம்பூருக்குத் தெற்கே உள்ள மாகுல். அங்கே 72 கட்டடங்கள், 17,205 வீடுகள், ஒவ்வொன்றும் 225 சதுர அடி. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே வெயில் இறங்க வழியில்லை. பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம், டாட்டா அனல்மின் நிலையம், ராஷ்டிரிய இரசாயன உர ஆலை, இரசாயனங்களைத் தேக்கி வைக்கும் தனியார் தொட்டிகள் எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் உள்ளன. குழாயோரங்களிலிருந்தும் பிற திட்டங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. வீட்டு வேலை செய்த பெண்களுக்கு வேலை போயிற்று. மாடியில் வீடு, கையில் சாவி, மின்தூக்கி என்று சொன்னார்கள். குடிசையிலிருந்து போனவர்களுக்குக் காற்றைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட முடியுமா என்று யார்தான் கேட்பார்கள்?

கேட்க வேண்டியவர்களுக்கு அது முன்பே தெரியும். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாகுல் மண்ணின் மீனவர்களான கோலி மக்கள் ஏற்கெனவே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தார்கள். 2015 டிசம்பர் 18 அன்று தீர்ப்பாயம் ஆணையிட்டது: மாகுல், அம்பாபாடா மக்களின் உடல்நலத்துக்கு அங்குள்ள காற்றால் கண்கூடான ஆபத்து உள்ளது. கேஇஎம் மருத்துவமனையின் ஆய்வு தீர்ப்பாயத்தின் முன்னால் இருந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 67.1 சதவீதத்தினருக்கு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத் திணறல், 86.6 சதவீதத்தினருக்குக் கண் எரிச்சல், 84.5 சதவீதத்தினருக்கு நெஞ்சை அடைக்கும் உணர்வு. இந்த ஆணை வந்த பிறகுதான் தோழர்களே, குழாயோரத்துக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக அங்கே அனுப்பப்பட்டன. ஊழலும் அலட்சியமும் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. விற்க முடியாத வீடுகள் கட்டிக் கிடந்தன. மறுக்க முடியாத மனிதர்கள் இருந்தார்கள். இரண்டையும் ஒன்று சேர்த்தார்கள்.

அரசிடம் ஒழுங்குமுறை விதிகளே இல்லையா என்றால், உண்டு. 2009-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தரநிலைகள் பன்னிரண்டு மாசுகளை அளக்கச் சொல்கின்றன. கந்தக டை ஆக்சைடு, நுண்துகள்கள், பென்சீன், ஈயம் என்று அந்தப் பட்டியல் போகிறது. எண்ணெயும் இரசாயனமும் தேக்கி வைக்கும் இடத்தில் தொட்டி நிரம்பும்போதும் காலியாகும்போதும் ஆவியாகி வெளியேறும் கரிமச் சேர்மங்கள் பல. அவற்றில் ஒன்றான டொலுவீன் இந்தப் பட்டியலில் இல்லை. ஆக, அளவுக் கருவி நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே நிற்கும் குழந்தை இருமிக்கொண்டிருக்கும். எதை அளப்பது என்று தீர்மானிக்கிறவன்தான், எது நோய் என்றும் தீர்மானிக்கிறான். ஆலைத் தொழிலாளி இதைத் தன் அனுபவத்தில் அறிவான். அவனுடைய வேலை நேரத்தை அளக்கும் கடிகாரம் எப்போதும் முதலாளியின் கடிகாரம்தான்.

2018-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மே 22 அன்று தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லிப் பேரணியாகப் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. பதின்மூன்று பேர் பலி. இங்கே உள்ளவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள். நான் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று மாகுலில் பாரத் பெட்ரோலியம் ஆலையில் வெடிப்பு, தீ. நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயம். அந்த ஆகஸ்டில்தான் உயர்நீதிமன்றமும், மாகுலுக்குப் போக மறுக்கும் மக்களின் குரலுக்குச் செவிசாய்க்கத் தொடங்கியது. ஆனால் மக்கள் நீதிமன்றத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 2018 அக்டோபர் 28 அன்று மாகுல் குடும்பங்கள் வித்யாவிஹாருக்குத் திரும்பி வந்தன. தங்கள் வீடு இடிக்கப்பட்ட அதே குழாயோரத்தில், நடைபாதையில் அமர்ந்தன. உயிர் காக்கும் இயக்கம் என்று பெயர். பெண்கள்தான் முன்னணி. கையில் மருத்துவமனைச் சீட்டுகளையும் எக்ஸ்ரே உறைகளையும் வைத்துக்கொண்டு, வருகிற அதிகாரியிடமெல்லாம் காட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாகுலில் இறந்துபோனார்கள் என்று இயக்கம் பட்டியல் போட்டது. அரசோ, மாகுல் வாழத் தகுந்த இடம்தான் என்று நீதிமன்றத்தில் வாதிட்டுக்கொண்டிருந்தது. ஐஐடி மும்பையின் அறிக்கையும் மக்களை அங்கிருந்து அப்புறப்படுத்துவதே நல்லது என்ற முடிவுக்கு வந்தது.

2019 ஏப்ரல் 3 அன்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மாற்று வீடு கொடு. கொடுக்க முடியாவிட்டால் குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் கொடு. செப்டம்பர் 23 அன்று, தலைமை நீதிபதி பிரதீப் நந்தரஜோக் தலைமையிலான அமர்வு இதை உறுதிப்படுத்தியது. இனி யாரையும் மாகுலில் குடியேறுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்றது.

இந்தத் தீர்ப்பின் உட்பொருளை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மறுவாழ்வு என்பது ஒரு சாவிக்கொத்து அல்ல என்று அது சொல்கிறது. மாற்று வீடு கொடுத்துவிட்டோம், எங்கள் கடமை தீர்ந்தது என்று அரசு கைகழுவ முடியாது. கொடுத்த வீட்டின் காற்று உயிரைக் குடிக்குமானால் அது வீடே அல்ல. சுத்தமான காற்றுக்கான உரிமையை இத்தனை காலமும் மலபார் ஹில்லும் ஜூஹுவும்தான் நீதிமன்றத்தில் பேசி வந்தன. சதுப்புநிலக் காடு காப்பதற்கும் வனம் காப்பதற்கும் வழக்குப் போட்டபோதெல்லாம், குற்றவாளிக் கூண்டில் நின்றவன் ஜோபட்பட்டிக்காரன். மாகுல் வழக்கில்தான் ஜோபட்பட்டிக்காரன் வாதியாக நின்றான். சுற்றுச்சூழல் சட்டம் அவன் குடிசையை இடிக்கும் கடப்பாரையாக மட்டுமே இருந்த இடத்தில், அவன் கையில் பிடிக்கும் கேடயமாகவும் ஆனது.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மாகுலில் உள்ள பெரிய ஆலைகள் பொதுத்துறை ஆலைகள். பாரத் பெட்ரோலியத்தை விற்க 2019 நவம்பரில் மோடி அமைச்சரவை முடிவெடுத்தபோது நாம் எதிர்த்துப் போராடினோம். சரியாகவே போராடினோம், 2022-இல் அந்த விற்பனை முயற்சியை அரசு கைவிட வேண்டி வந்தது. ஆனால் பொதுத்துறையைக் காப்பது என்றால் பொதுத்துறையின் புகையையும் காப்பதா? இந்தக் கேள்வி வந்தபோது நம்மில் பலர் வாய் திறக்கத் தயங்கினோம். வேலை போய்விடும் என்று தொழிலாளியிடம் சொல்லப்பட்டது. உயிர் போய்விடும் என்று குடியிருப்போர் சொன்னார்கள். இருவரும் எதிரெதிரே நிற்க வைக்கப்பட்டார்கள். ஆலைக்குள் முதலில் அந்தக் காற்றைச் சுவாசிப்பவன் ஒப்பந்தத் தொழிலாளி என்பதை இருவருக்கும் நடுவில் நின்று சொல்ல வேண்டியவர்கள் நாம். போதுமான அளவு சொல்லவில்லை. 2020 ஆகஸ்டில் பசுமைத் தீர்ப்பாயம் இந்த மாசுக்காக 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தபோது, அதில் 76.5 கோடி இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு, 67.5 கோடி பாரத் பெட்ரோலியத்துக்கு. மீதியில் ஏறக்குறைய முழுவதும், 142 கோடி, ஏஜிஸ் என்ற தனியார் நிறுவனத்துக்கு. இந்தக் கணக்கும் நாம் மக்களிடம் கொண்டு போக வேண்டிய கணக்குதான்.

சரி, தீர்ப்பு வந்தது. பிறகு என்ன நடந்தது? தீர்ப்பு வந்த மறுநாள் யாரும் பெட்டி கட்டவில்லை. தீர்ப்புக்குப் பிறகும் 2019 அக்டோபர் 28 அன்று அந்த நடைபாதைப் போராட்டம் ஓராண்டை நிறைவு செய்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோராயில் 300 வீடுகள் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். ஐயாயிரம் குடும்பங்கள் எங்கே, முந்நூறு வீடுகள் எங்கே?

மீதி வீடுகளைப் பற்றிய கதை இன்னும் கசப்பானது. உயர்நீதிமன்றமே கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொன்ன அந்த மாகுல் வீடுகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 2025-இல் மாநகராட்சி விற்பனைக்கு வைத்தது. யாருக்கு? தன்னுடைய ஊழியர்களுக்கு. விலை 12 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். தெருவைப் பெருக்குகிறவனும் சாக்கடை அள்ளுகிறவனும் மும்பையில் சொந்த வீடு என்ற ஆசையில் வாங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டார்கள். விண்ணப்பங்கள் குவியவில்லை. கடைசித் தேதியைத் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. துப்புரவுத் தொழிலாளிகள் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார்கள்; ஆனால் மாகுல் என்ற பெயரை அறிந்திருந்தார்கள். போராட்டம் ஒரு பெயருக்கு ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால், அதை எந்த விளம்பரத்தாலும் அழிக்க முடிவதில்லை. இலவசமாகக் கொடுத்தபோது உயிருக்கு ஆபத்தான வீடு, விலை போட்டவுடன் நல்ல வீடாக எப்படி மாறும்?

இனி தாராவிக்கு வருகிறேன். இங்கே கூடியிருப்பவர்களுக்கு அண்ணனோ தங்கையோ மாமியார் வீடோ தாராவியில் இல்லாமல் இருக்காது. அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள கம்பெனியிடம் தாராவி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்கள், மாடியில் இருப்பவர்கள் எல்லாம் தாராவிக்கு வெளியே போக வேண்டும். தோல்பட்டறையில் வேலை செய்கிறவன், இட்லி மாவு அரைத்துச் சைக்கிளில் வைத்து விற்கிறவன், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் புதுக் குடும்பம் எல்லாரும் இந்தக் கணக்கில் அடக்கம். வெளியே என்றால் எங்கே? 2024 அக்டோபரில் மாநில அமைச்சரவை 124 ஏக்கரை இதற்காக ஒதுக்கியது. அந்த நிலம் தேவ்நார் குப்பை மேட்டில் இருக்கிறது.

தேவ்நாரில் 1927 முதல் இந்த நகரம் குப்பை கொட்டுகிறது. சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பை அங்கே மலையாகக் கிடக்கிறது. 2016 ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்தபோது காட்கோபர் வரை புகை வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நிலையைக் கண்டுதான் அடுத்த மாதமே உயர்நீதிமன்றம், குப்பையை ஒழுங்காகக் கையாள வழிசெய்யும் வரை இந்த நகரத்தில் புதிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்காதே என்று தடை போட்டது. பில்டர்கள் உச்ச நீதிமன்றம் போய் 2018-இல் தடையைத் தளர்த்திக்கொண்டு வந்தார்கள். இன்று அதே குப்பையின் மேல் மனிதர்களைக் குடிவைக்கத் திட்டம். மூடப்பட்ட குப்பைக் கிடங்கின் மீதும் அதையொட்டிய 100 மீட்டருக்குள்ளும் குடியிருப்பு கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. குப்பையை அள்ளிவிட்டுத்தான் கட்டுவோம் என்கிறார்கள். நூறாண்டுக் குப்பையின் சாறு மண்ணுக்குள் இறங்கியிருக்குமே, அதை எந்த லாரியில் அள்ளுவார்கள்?

பக்கத்தில் காஞ்சூர்மார்க்கைப் பாருங்கள். அங்குள்ள 119.91 ஹெக்டேர் குப்பைக் கிடங்கு நிலம் பாதுகாக்கப்பட்ட வனம் என்றும், அந்தத் தகுதியை 2009-இல் அரசு நீக்கியது செல்லாது என்றும் 2025 மே 2 அன்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விக்ரோலி மக்கள் நாற்றத்திலிருந்து விடுதலை கிடைத்தது என்று மகிழ்ந்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. நகரத்தின் குப்பை எங்கே போவது என்ற அரசின் கேள்வி பொய்யான கேள்வி அல்ல. எனக்கும் அதற்கு எளிதான பதில் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் கிழக்குப் புறநகர்தான் பதிலாகிறது. தேவ்நார், மாகுல், காஞ்சூர்மார்க். குப்பையும் புகையும் ஏழையும் ஒரே திசையில் தள்ளப்படுகிறார்கள். குடியிருப்புப் பிரச்சனை பற்றி எங்கெல்ஸ் 1872-இல் எழுதியபோதே இதைத்தான் சுட்டிக்காட்டினார். முதலாளித்துவம் சேரிகளை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது.

ஆகவே மாகுல் தீர்ப்பைத் தாராவிக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கறிஞர்கள் அவர்கள் வேலையைச் செய்வார்கள். நம்முடைய வேலை வேறு. மாகுல் மக்கள் தோற்றது எங்கே, வென்றது எங்கே என்று பாருங்கள். சாவியை வாங்கும் முன் கேள்வி கேட்காததால் உயிர்களை இழந்தார்கள். வாங்கிய பின் எக்ஸ்ரே உறைகளோடு தெருவில் உட்கார்ந்ததால் வென்றார்கள். தாராவி மக்கள் சாவியை வாங்கும் முன்பே கேட்க வேண்டும். தேவ்நார் மண்ணின் ஆய்வறிக்கை எங்கே? மீத்தேன் வாயுவின் அளவு என்ன? பன்னிரண்டு மாசுகளைத் தவிர வேறு எவற்றை அளந்தீர்கள்? யார் அளந்தார்கள்? இந்தக் கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதிக் கொடுக்கப் படிவம் தயாரித்திருக்கிறோம்.

காமராஜர் நகர்த் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடம் எழும்பும் வரை வெளியே இருக்கிறீர்கள். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் அமைப்பைக் கலைத்துவிடாதீர்கள். வாடகைப் பணம் எத்தனை மாதத்துக்கு வந்தது, எத்தனை மாதம் நின்றது என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாகுலில் அப்படி எழுதி வைத்தவர்களின் நோட்டுகள்தான் பின்னால் பேசின.

வாசலில் பெண் தோழர்கள் இருவர் படிவங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தாராவியில் உறவினர் உள்ளவர்கள் ஐந்தைந்து படிவம் எடுத்துச் செல்லுங்கள். நிரப்பியவற்றை அடுத்த ஞாயிறு காலை இங்கேயே பெற்றுக்கொள்வோம்.